12க்கு 14 அடி ஹாலுக்கு 6 லட்சத்தில் எந்த ஸ்பீக்கர்?

கேள்வி இதுதான். சென்னையில் அடுக்குமாடி வீடு. ஹால் 12க்கு 14 அடி, உயரம் 10 அடி, தரை முழுக்க விட்ரிஃபைடு டைல்ஸ், ஒரு பக்கம் பால்கனிக் கதவு. ஸ்பீக்கருக்கு மட்டும் 6 லட்சம் வரை ஒதுக்கியிருக்கிறார். கேட்பது பெரும்பாலும் கர்நாடக சங்கீதம், 80களின் இளையராஜா, கொஞ்சம் ஜாஸ். "இவ்வளவு போடறே, ஆளுயர ஃப்ளோர்ஸ்டாண்டராவே வாங்கிடு" என்கிறார் நண்பர். கடைக்காரர் வேறொன்று சொல்கிறார். யூடியூபில் ஆளுக்கு ஒன்று. எதை நம்புவது என்று கேட்டிருக்கிறார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தை நிதானமாகப் பார்க்கலாம்: அந்த ஹாலுக்கு ஆளுயரப் பெட்டி வேண்டாம். பணம் இருக்கிறதே என்று அவ்வளவுக்கும் பேஸ் (கனத்த கீழ் ஒலி) வாங்கினால் அதில் பாதியை அறை கெடுக்கும், மீதிப் பாதியை நீங்களே பழைய துணி திணித்து அடைப்பீர்கள். நான் அடைத்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன், 11க்கு 12 அடி அறையில், ஒரு பெயர் பெற்ற கம்பெனியின் உயரமான பெட்டி ஜோடி ஒன்றை இறக்கினேன். ஒவ்வொன்றிலும் பேஸுக்கென்று இரண்டு 8 அங்குல வூஃபர், பின்பக்கம் போர்ட் (காற்று போய்வரும் துளை). கடையில் கேட்டபோது மிருதங்கம் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதுபோல இருந்தது. வீட்டில் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் விழுந்த ஒவ்வொரு 'தொம்'மும் அடுத்த அடி வரும்வரை போகாமல் அறையிலேயே நின்றது. போதாக்குறைக்கு மூலையிலிருந்த இரும்பு பீரோ தானும் ஒரு தாளம் போட்டது. யாரோ பீரோவைத் திறக்கிறார்கள் என்று அம்மா தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். முதலில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) மேல் சந்தேகம், அப்புறம் கேபிள் மேல், அப்புறம் கரண்ட் மேல். 14 மாதம் இப்படியே போனது, கடைசியில் போர்ட்டுக்குள் காலுறையைச் செருகிப் பார்த்துவிட்டு விற்றுவிட்டேன். வாங்கிய நண்பரின் ஹால் 16க்கு 24 அடி. அங்கே போய்க் கேட்டபோது அதே பெட்டி அவ்வளவு அழகாகப் பாடியது, எனக்கு வயிறு எரிந்தது. பெட்டியின் மேல் ஒரு குறையும் இல்லை, என் சுவர்களுக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

ஏன் அப்படி? ஒலி நொடிக்கு சுமார் 1130 அடி போகும். எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே, அந்தத் தூரத்தைப்போல் இரண்டு மடங்கு அலைநீளம் கொண்ட ஒலி மாட்டிக்கொண்டு ஊஞ்சலாட ஆரம்பிக்கும். கணக்கு சுலபம், 565ஐ அறையின் அளவால் (அடியில்) வகுத்தால் எந்த ஹெர்ட்ஸ் என்று தெரிந்துவிடும். உங்கள் ஹாலில் 14 அடிக்கு 40 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47, உயரத்துக்கு 56. பிறகு இவற்றின் இரட்டிப்புகள்: 80, 94, 113. இந்த இடங்களில் எல்லாம் அறை தானே ஒரு வாத்தியமாகிவிடும், ஸ்பீக்கர் நிறுத்தின பிறகும் அது நிறுத்தாது. உங்கள் அளவு ஒன்றும் மோசமில்லை, மூன்றும் கொஞ்சம் தள்ளித்தள்ளி விழுகின்றன. 10க்கு 10 அடி பெட்ரூம், 10 அடி உயரம் என்றால் மூன்றும் 56லேயே ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காரும். அதைவிடக் கொடுமையான அறையை வேண்டுமென்று கட்டினாலும் கட்ட முடியாது, ஆனால் நம் ஊரில் பாதி வீட்டில் ஒரு அறை அப்படித்தான்.

இதில் வெளிநாட்டு ரிவியூக்களைப் படிப்பவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளின் சுவர் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தது. பேஸ் வந்து மோதினால் அந்தப் பலகை கொஞ்சம் அசையும், அசைவதில் கொஞ்சம் சக்தி தீரும், கொஞ்சம் பின்பக்கமாக வெளியேயும் போய்விடும். நம்முடையது செங்கல் அல்லது கான்கிரீட். வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும். அங்கே உட்கார்ந்து ஒருவர் "பேஸ் இறுக்கமாக, கட்டுப்பாட்டோடு இருக்கிறது" என்று எழுதினால் அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த வாக்கியத்தில் பாதி அவர் வீட்டுச் சுவரைப் பற்றியது.

ஆக சுமார் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே உங்கள் காதுக்கு வருவதை அறைதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது, அதற்கு மேலே போகப் போக ஸ்பீக்கரின் குணம் தெரிய ஆரம்பிக்கும். சின்ன அறையில் காசைப் போட வேண்டியது மேல் பகுதியில்.

"அப்போ குரலுக்கு அறையால் பிரச்சினை இல்லையே?" என்று கேட்காதீர்கள், இருக்கிறது. 1 கட்டையில் பாடும் ஆண் குரலின் சட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், மந்தர பஞ்சமம் 98. உங்கள் அறையின் அகலம் 94இல் ஊஞ்சலாடும் என்று மேலே பார்த்தோம். பாடகர் பஞ்சமத்துக்கு இறங்கும்போதெல்லாம் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் ஊதிப் பெருத்தோ, நீங்கள் உட்காரும் இடத்தைப் பொறுத்து காணாமலோ போகும். எம்.டி. ராமநாதன் பாடிய எதையாவது போட்டுப் பாருங்கள். அவ்வளவு கீழ் ஸ்ருதியில், அவ்வளவு நிதானமாகப் பாடும் குரல், அறையைச் சோதிக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே கனத்தில் இறங்கினால் அறை பாஸ். 5 கட்டையில் பாடும் பெண் குரலின் சட்ஜம் 196, அதனால் அங்கே தொல்லை குறைவு.

உங்கள் ரசனைக்கு எவ்வளவு கீழே போனால் போதும் என்பதையும் இப்படியே பார்த்துவிடலாம். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தியும் ஜாஸ் டபுள் பேஸின் கடைசித் தந்தியும் 41 ஹெர்ட்ஸ். ராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டே பாடிக்கொண்டு போகும் இல்லையா, அந்த ஓட்டம் பெரும்பாலும் அதற்கு மேலேதான், அதுவும் தந்தியின் இரட்டிப்பு ஸ்வரங்களைக் கேட்டே காது அதைப் பிடித்துக்கொள்கிறது. 45 ஹெர்ட்ஸ் வரை நேர்மையாகப் போகும் பெட்டி உங்களுக்குப் போதும். பைப் ஆர்கனும் எலக்ட்ரானிக் இசையும் கேட்பவருக்கு வேறு பதில் சொல்லியிருப்பேன்.

சரி, பெட்டிகளுக்கு வருவோம். உயர்தர ஸ்பீக்கர் என்பது ஒரே சாதியில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு அறையை மனதில் வைத்துப் பிறந்தது, அந்தக் கதை தெரிந்தால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

பிபிசியின் எல்எஸ்3/5ஏ இதற்கு நல்ல உதாரணம். 70களின் தொடக்கத்தில், வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் உட்கார்ந்து குரலின் தரத்தைச் சரிபார்க்க பிபிசி பொறியாளர்கள் வடிவமைத்த குட்டிப் பெட்டி அது. உயரம் ஒரு அடிதான், மூடிய பெட்டி, போர்ட் இல்லை. வேனுக்குள் 40 ஹெர்ட்ஸ் யாருக்கும் தேவைப்படவில்லை, அதனால் அதைக் கொடுக்க முயலவே இல்லை. பதிலுக்கு 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே லேசாக ஒரு மேடு வைத்து, பேஸ் இருப்பதுபோல் காதை ஏமாற்றினார்கள். விளைவு என்னவென்றால், உங்கள் அறையின் 40, 47, 56 மூன்றையும் அது அதிகம் தட்டி எழுப்புவதில்லை. 50 வருடம் கழித்தும் லைசென்ஸ் வாங்கி அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு மெல்லிய வால்யூமில் ஒரு விருத்தம் கேட்க அதற்கு ஈடு குறைவு. ஆனால் அதில் தவில் தனி ஆவர்த்தனம் போட்டீர்களானால் பாவம், மூச்சு வாங்கும். ஒரு வாட் கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்ற திறன் கணக்கில் 82, 83 டெசிபெல்தான்.

அதே பிபிசி வழியில் வந்தவைதான் ஸ்பெண்டாரும் ஹார்பெத்தும். (இரண்டும் கணவன் மனைவி பெயர்களை ஒட்டவைத்து உண்டானவை: ஸ்பென்சர், டோரதி, ஹார்வுட், எலிசபெத். ஆங்கிலேயர்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு.) பிபிசி ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த டட்லி ஹார்வுட் 1977இல் ஹார்பெத்தைத் தொடங்கினார். இந்தப் பள்ளியின் பெட்டிகளில் பலகை மெல்லிசாக இருக்கும், முட்டினால் 'டொக்' என்று மந்தமாகச் சொல்லும். மலிவு வேலை இல்லை அது. கனத்த பலகை அதிரும்போது அந்த அதிர்வு குரல் இருக்கும் பகுதியில் விழுகிறது, மெல்லிய பலகையை எடுத்து உள்ளே அடர்த்தியான ஒட்டுப்பட்டை போட்டால் அது கீழே இறங்கி, சீக்கிரம் அடங்கியும் விடுகிறது என்பது அவர்கள் கண்டது. ஸ்டுடியோவில் நேரில் பேசும் குரலையும் மானிட்டரில் வரும் குரலையும் மாற்றி மாற்றிக் கேட்டு வளர்த்த மரபு, அதனால் மனிதக் குரல் மனிதக் குரலாகவே வரும். சமகால ஃப்ளோர்ஸ்டாண்டர் கேட்டுப் பழகியவருக்கு முதல் பத்து நிமிடம் "என்ன, கொஞ்சம் மந்தமா இருக்கே" என்று தோன்றும். ஒரு முழுக் கச்சேரி கேட்ட பிறகு கேளுங்கள்.

இதற்கு நேர் எதிர் முனையில் கிளிப்ஷ்ஹார்ன். பால் கிளிப்ஷ் என்ற பொறியாளர் அமெரிக்காவில் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஹோப் என்ற சிற்றூரில் 1946இல் தொடங்கிய கம்பெனி, அந்தப் பெட்டி இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. அறையின் மூலையையே கொம்பின் (ஒலியைப் பெருக்கும் புனலின்) கடைசிப் பகுதியாகப் பயன்படுத்துவதுதான் அதன் தந்திரம். மற்ற எல்லோரும் மூலையிலிருந்து தள்ளி வை என்றால், இவர் மூலைக்குள் சொருகு என்கிறார். கம்பெனிக் கணக்கில் 105 டெசிபெல். எல்எஸ்3/5ஏயில் 180 வாட் கொடுத்தால் வரும் சத்தம் இதில் ஒரு வாட்டில் வந்துவிடும், யோசித்துப் பாருங்கள். கோயில் வீதியில் நாலு தெரு தாண்டிக் கேட்பதற்கென்று உருவான வாத்தியம் நாகஸ்வரம், அந்த வீச்சை வீட்டுக்குள் கொஞ்சமாவது நெருங்க முடிவது கொம்பு ஸ்பீக்கரில்தான் என்பது என் அனுபவம். திடீரென்று தவில் எகிறும்போது அது திணறுவதே இல்லை. சிக்கல், நம் ஹாலில் வெறும் மூலை எங்கே இருக்கிறது? ஒரு மூலையில் கதவு, இன்னொன்றில் ஜன்னல், மூன்றாவதில் பூஜை அலமாரி. இரண்டு மூலையும் ஒரே சுவரில், பக்கத்துக்கு நாலு அடி காலியாக இருக்கிற வீட்டை நான் ஒன்றிரண்டுதான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் தட்டை ஸ்பீக்கர்கள். இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் செய்த குவாட் எலக்ட்ரோஸ்டாட்டிக் 1957இல் வந்தது, அதன் அடுத்த தலைமுறை இஎஸ்எல்-63 1981இல். அமெரிக்காவில் மேக்னபான். பெட்டியே கிடையாது, ஒரு மெல்லிய படலம் முன்னும் பின்னும் ஒரே மாதிரி அசையும். பக்கவாட்டில் சத்தம் கிட்டத்தட்டப் பூஜ்யம், எட்டு வடிவத்தில் பரவும். அதனால் பக்கச் சுவர் எதிரொலியும் குறைவு, அறையின் ஊஞ்சலாட்டத்தையும் குறைவாகவே தூண்டும். கேட்க ஏதோ கான்கிரீட் அறைக்கென்றே செய்தது போலத் தோன்றும், பாதி உண்மையும்கூட. ஆனால் பின்னால் போகும் அலை சுவரில் மோதித் திரும்ப இடம் வேண்டும், குறைந்தது மூன்று அடி, நாலு இருந்தால் நல்லது. 14 அடி ஹாலில் நாலு அடியை அதற்குக் கொடுத்துவிட்டு சோபாவை எங்கே போடுவீர்கள்? நடுவில் ஒரே ஒருவருக்குத்தான் சொர்க்கம், பக்கத்தில் உட்கார்ந்தவருக்குப் பாதிதான். மேலும் எலக்ட்ரோஸ்டாட்டிக்கில் உள்ளே பல ஆயிரம் வோல்ட் நிற்கிறது. அது தூசியை இழுக்கும், ஈரக்காற்றில் மின்கசிவு வரும். கடலோரத்தில் இருந்துகொண்டு பழைய குவாட் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், காதல் கதையும் ரிப்பேர் கதையும் ஒன்றாகவே வரும். மேக்னபானில் அந்த வோல்டேஜ் தொல்லை இல்லை, ஆனால் 4 ஓம் சுமை, நல்ல கரண்ட் தரும் ஆம்ப் கேட்கும்.

உங்கள் நண்பர் சொல்லும் பெரிய மூன்று வழி, நாலு வழிக் கோபுரங்கள், அதாவது வில்சன் ஆடியோ, பி அண்ட் டபிள்யூ 800 வரிசை போன்றவை, அவற்றின் தரத்தைப் பற்றி நான் பேச என்ன இருக்கிறது. பி அண்ட் டபிள்யூவின் 801 வந்தது 1979இல், அபே ரோடு ஸ்டுடியோவிலேயே அந்த வரிசைதான் வேலை பார்த்தது. ஆனால் மூன்றரை, நாலு அடி உயரத்துக்கு மேல் ஒலிக்கு ட்வீட்டர், நடு ஒலிக்கு மிட்ரேஞ்ச், கீழ் ஒலிக்கு வூஃபர்கள் என்று பரந்திருக்கும்போது, அவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே குரலாக ஆவதற்குத் தூரம் வேண்டும். ஒன்பது பத்து அடி தள்ளி உட்கார முடிந்தால் அவற்றைப் பற்றி யோசிக்கலாம். உங்கள் ஹாலில் பெட்டியை முன்சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி வைத்து, நீங்கள் பின்சுவரிலிருந்து நாலரை அடி தள்ளி உட்கார்ந்தால் நடுவில் மிஞ்சுவது 7 அடி.

இந்த 7 அடிக்குத்தான் ஒரே மையத்தில் ஒலி பிறக்கும் ஸ்பீக்கர்கள் கைகொடுக்கும். டானாய் 1947லேயே 'டூயல் கான்சென்ட்ரிக்' என்று வூஃபரின் நடுவே ட்வீட்டரை வைத்தது, கெஃப் 1988இல் 'யூனி-க்யூ' கொண்டுவந்தது. ஒலி எழுப்பும் இந்த இரண்டு பாகமும் ஒரே புள்ளியில் இருப்பதால் கிட்டே உட்கார்ந்தாலும் குரல் பிளவுபடாது, நீங்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்தாலும் தொனி பெரிதாக மாறாது. நம் வீடுகளுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று ஒரு வெளிநாட்டு ரிவியூவரும் எழுதப்போவதில்லை!

மூடிய பெட்டி என்ற வகையையும் விட்டுவிடாதீர்கள். போர்ட் வைத்த பெட்டி ஒரு எல்லைவரை பேஸைத் தூக்கிப் பிடித்துவிட்டு, பிறகு ஆக்டேவுக்கு (ஒரு ஸ்தாயிக்கு) 24 டெசிபெல் என்று சரசரவென விழும். மூடிய பெட்டி முன்னாலேயே இறங்க ஆரம்பிக்கும், ஆனால் ஆக்டேவுக்கு 12தான். சின்ன அறை கீழ்ப்பகுதிக்குத் தானாகவே கொஞ்சம் பலம் சேர்க்கும் என்பதால், இந்த நிதானமான இறக்கத்தை அறை தாங்கிப் பிடித்துக்கொள்ளும். ஏடிசி எஸ்சிஎம்19 போன்றவை இந்த வகை. திறன் குறைவு, ஆம்ப் கொஞ்சம் வலுவாக வேண்டும்.

இன்னொன்று, புதுசு. டச் அண்ட் டச் 8சி, கீ த்ரீ போன்ற ஆக்டிவ் ஸ்பீக்கர்கள் உள்ளேயே ஆம்பும் கணக்குப் போடும் சில்லும் வைத்துக்கொண்டு, பின்பக்கம் போகும் ஒலியை எதிர்அலை கொண்டோ பக்கத் துளைகள் கொண்டோ அடக்கிவிடும். 8சியைச் சுவரை ஒட்டி ஓரிரு சாண் தூரத்திலேயே வைக்கச் சொல்கிறார்கள். சுவரோடு சண்டை போடாமல் சேர்ந்து வாழும் ஸ்பீக்கர். விலை உங்கள் எல்லையைத் தாண்டும், ஆனால் தனியாக ஆம்ப் வாங்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். என் ஊகம், இன்னும் பத்து வருடத்தில் சின்ன அறைக்காரர்கள் எல்லாரும் இந்தப் பக்கம்தான் வருவார்கள். இதைச் சொன்னால் ட்யூப் ஆம்ப் (சூடேறும் பழைய வால்வு வகை) நண்பர்கள் என்னோடு பேசமாட்டார்கள். (சித்திரை வெயிலில் 11 மணிக்கு ட்யூப் ஆம்ப் போட்டுக்கொண்டு உட்காரும் அவர்கள் மன உறுதியை நான் மதிக்கிறேன்.)

ரசனை பற்றி. "எல்லாம் அவரவர் காது" என்று சொல்லிவிட்டு நழுவுவது கடைக்காரர் வேலை. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மையத்திலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் ஒலி ஆராய்ச்சியாளர் ஃப்ளாய்ட் டூல் பல வருடம் திரைபோட்டு மறைத்துச் சோதனை செய்தபோது, பெட்டி கண்ணுக்குத் தெரியாதவரை மக்களின் தேர்வு வியக்கத்தக்க அளவுக்கு ஒன்றுபோலவே இருந்தது. நேராக வரும் ஒலி சமமாக இருக்க வேண்டும், பக்கவாட்டில் போவதும் அதே தொனியில் சீராகக் குறைய வேண்டும், பெரும்பாலோர் விரும்பியது அதைத்தான். திரையை எடுத்துவிட்டுப் பெட்டியைக் காட்டியதும் அதே ஆட்களின் மதிப்பெண் மாறியது. அழகும் விலையும் பிராண்டும் காதுக்குள் புகுந்துவிடும். எனக்கும்தான்.

ஆனாலும் நிஜமாகவே ஆளுக்கு ஆள் வேறுபடும் இடங்கள் உண்டு. பேஸ் எவ்வளவு, சத்தம் எவ்வளவு, பக்கச் சுவர் எதிரொலி எவ்வளவு. கடைசியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சிலருக்கு அறை முழுக்க இசை பரவி, தாமும் சபாவில் உட்கார்ந்திருப்பதுபோல வேண்டும். அகலமாகப் பரப்பும் ஸ்பீக்கர் அவர்களுக்கு. ஜெர்மனியின் எம்பிஎல் சுற்றிலும் 360 பாகையில் பரப்புகிறது, பெரிய அறையில் மயக்கும். சிலருக்குத் தம்பூரா இங்கே, வயலின் அங்கே என்று கை நீட்டிக் காட்ட முடிய வேண்டும். பரப்பைக் குறுக்கும் கொம்போ தட்டையோ பெரிய கோஆக்சியலோ (முன்பு சொன்ன ஒரே மைய வகை) அவர்களுக்கு. நடு ஹாலில் நின்று ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள். 'ட்ர்ர்' என்று சிலிர்த்துக்கொண்டு அடங்கினால் அந்த அறையில் அகலப் பரப்பு ஸ்பீக்கர் அரை மணியில் காதைக் கூச வைக்கும், அதுவும் 80களின் பதிவுகளில் வயலின் கூட்டம் உயரே போகும்போது. உங்கள் டைல்ஸ் தரைக்கு இது நிச்சயம் நடக்கும் என்று நினைக்கிறேன்.

அதற்கு வைத்தியம் பெரிய செலவில்லாதது. பெட்டிக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு கனமான ஜமுக்காளம் அல்லது கார்ப்பெட், பால்கனிக் கதவுக்கு இரட்டை மடிப்புத் திரை, பக்கச் சுவரில் புத்தக அலமாரி. இதெல்லாம் மேல் பகுதிக்குத்தான், பேஸை இவை தொடாது. 47 ஹெர்ட்ஸின் கால் அலைநீளமே 6 அடி, அதனால் சுவரில் ஒட்டும் ஒரு அங்குலப் பஞ்சும் முட்டை அட்டையும் அதை என்ன செய்துவிடும்? பேஸுக்குக் கனம் வேண்டும், மூலை வேண்டும். நம் வீட்டில் அதற்கென்றே கட்டிவைத்த மாதிரி ஒரு இடம் இருக்கிறது: லாஃப்ட். சுவரும் கூரையும் சேரும் இடம், இரண்டடி ஆழம். அந்த ஹாலில் லாஃப்ட் இருந்தால் அட்டைப்பெட்டிகளை இறக்கிவிட்டு இலவம் பஞ்சு மெத்தையையும் பழைய போர்வைகளையும் தளர்வாக நிரப்புங்கள், பலகைக் கதவுக்குப் பதில் துணித்திரை போடுங்கள். இல்லையென்றால் சோதனைக்கு இரண்டு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்திப் பாருங்கள். பால்கனிக் கதவைத் திறந்துவைத்தாலும் பேஸ் கொஞ்சம் தளரும், ஆனால் பக்கத்து வீட்டுக்காரரும் ரசிகராக இருக்க வேண்டும்.

வைக்கும் இடம் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. வூஃபரின் நடுவிலிருந்து தரைக்கும், பின்சுவருக்கும், பக்கச்சுவருக்கும் தூரம் மூன்றும் ஒன்றாக இருக்கக் கூடாது. மூன்றும் இரண்டரை அடி என்றால் மூன்றும் சேர்ந்து 110 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு குழி தோண்டும், ஆண் குரலின் மார்பு காணாமல் போகும். ஒன்று இரண்டு அடி, ஒன்று இரண்டே முக்கால், ஒன்று மூன்றரை என்று மாற்றுங்கள். நீங்கள் உட்காருவது அறையின் நட்ட நடுவிலும் வேண்டாம், பின்சுவரை ஒட்டியும் வேண்டாம். நடுவில் 40 ஹெர்ட்ஸ் வற்றிப் போயிருக்கும், சுவரோரம் அது தேங்கி நிற்கும்.

ஆக உங்கள் 6 லட்சத்தை நான் இப்படிப் பிரிப்பேன். நாலு, நாலே கால் லட்சம் வரை ஸ்டாண்டில் நிற்கும் நல்ல ஜோடி. குரல்தான் உயிர் என்றால் ஹார்பெத் அல்லது ஸ்பெண்டார், வீட்டில் எல்லோரும் அங்கங்கே உட்கார்ந்து கேட்பீர்கள் என்றால் கெஃப்பின் யூனி-க்யூ. கனமான ஸ்டாண்டுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். அறைக்கு அரை லட்சம். யூமிக்-1 என்ற சின்ன யுஎஸ்பி மைக் ஒன்று வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளில் அளந்து பாருங்கள். மேடுகளை மட்டும் ஈக்யூவில் (ஒவ்வொரு ஒலிப்பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) வெட்டுங்கள், குழியை நிரப்பப் பார்க்காதீர்கள், எத்தனை வாட் ஊற்றினாலும் அது குடித்துவிடும். மீதியை அப்படியே வைத்திருந்து, ஆறு மாதம் கேட்ட பிறகும் பேஸ் போதவில்லை என்று தோன்றினால் இரண்டு சின்ன மூடிய சப்வூஃபர் வாங்குங்கள். ஒரு பெரிசு வேண்டாம், இரண்டு சின்னது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்தால் ஒன்று தூண்டும் ஊஞ்சலை மற்றொன்று பிடித்து நிறுத்தும்.

வாங்குவதற்கு முன் கடையின் கேட்பறையில் அறை நீளம் என்ன, எவ்வளவு தூரத்தில் உட்கார வைக்கிறார்கள் என்று கேளுங்கள், முடிந்தால் நாற்காலியை 7 அடிக்கு இழுத்துப்போட்டுக் கேளுங்கள். கடையில் ஏசி மெல்ல ஓடும், உங்கள் வீட்டில் சீலிங் ஃபேன் அஞ்சில் சுத்தும். தம்பூராவின் கடைசி இழை அங்கே கேட்டது இங்கே ஃபேன் இரைச்சலுக்குள் போய்விடும், அந்த நுணுக்கத்துக்காக ஒரு லட்சம் கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் வழக்கமாகக் கேட்கும் வால்யூமிலேயே கேளுங்கள். சத்தம் குறையும்போது காது முதலில் இழப்பது பேஸைத்தான், 1933லேயே பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து சொன்ன விஷயம் இது. சில பெட்டிகள் சத்தம் வைத்தால்தான் எழுந்து உட்காரும். கடைக்காரர் அதைத் தெரிந்துகொண்டுதான் வால்யூமைத் திருகுகிறார்.

பழையது வாங்கினாலும் தப்பில்லை, இதே காசில் ஒரு படி மேலே போகலாம். கூம்பின் விளிம்பு ரப்பரா ஃபோமா என்று மட்டும் பாருங்கள். ஃபோம் விளிம்பு நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் 10, 15 வருடத்தில் உதிர ஆரம்பித்துவிடும். முன்வலையைக் கழற்றி விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுவென்று ஒட்டினாலோ தூளாக வந்தாலோ புது விளிம்பு போடும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.